104 கிலோவில் தொடங்குகிறேன்: முதலில் இளைப்பதா, தசை ஏற்றுவதா?

பனியன்கடை (திருப்பூர்)

வணக்கம். வயது 34, உயரம் 171 செ.மீ., எடை 104 கிலோ. தொப்புள் மட்டத்தில் சுற்றளவு 112 செ.மீ. ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவு. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால், ஷிப்மென்ட் நாட்களில் இரவு பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பேன். ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 5.9 வந்திருக்கிறது, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. மூட்டு வலி கிடையாது. மூன்றாவது மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

ஜிம்மில் சேர்ந்துவிட்டேன். அங்குள்ள மாஸ்டர், "80 கிலோவுக்கு வரும்வரை டிரெட்மில்லும் சைக்கிளும் மட்டும்தான். இப்போதே பளு தூக்கினால் கொழுப்பு உள்ளேயே இறுகிவிடும், பிறகு கரைக்கவே முடியாது" என்கிறார். என்னோடு படித்த நண்பன் நேர்மாறாகச் சொல்கிறான்: "வயிறு நிறையச் சாப்பிட்டுத் தசையை ஏற்று. கொழுப்பை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்." இருவருக்கும் நல்ல உடம்பு. யாரை நம்புவது?

என் சாப்பாட்டையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். காலை ஐந்து இட்லி, சாம்பார், சட்னி. பதினொரு மணிக்கு டீயுடன் இரண்டு வடை. மதியம் சோறு மூன்று முறை வாங்குவேன்: சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. மாலையில் பஜ்ஜி. இரவு மூன்று பரோட்டா அல்லது நான்கு தோசை. ஞாயிறு மட்டும் கறி.

ஷார்ஜாவாசி

உங்கள் மாஸ்டர் சொல்வதில் பாதி சரி. நான் தொழிலாளர் கேம்ப் அறையில் இருந்துகொண்டே, சோற்றைக் குறைத்து, இரவில் நடந்து நடந்தே 20 கிலோ குறைத்தவன். ஒரு டம்பெல்லைத் தொட்டதில்லை. கனத்த உடம்போடு பளுவையும் சேர்த்தால் முழங்கால் என்ன ஆகும்? முதலில் பாரத்தை இறக்குங்கள்.

கர்லாக்கட்டை (மதுரை)

தம்பி பனியன்கடை, கொழுப்பு இறுகும் என்ற கதையை என் சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். கொழுப்புக்கு ஒரு செல், தசைக்கு வேறொரு செல். ஒன்று இறுகி மற்றொன்றாகாது. கொழுப்பு தசையாக மாறும் என்பது வெண்ணெய் தேக்குக் கட்டையாகும் என்பது போலத்தான். இன்னும் சுவரில் பயில்வான் படத்தை மாட்டிக்கொண்டு இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, அதுதான் ஆச்சரியம்.

ஷார்ஜா தம்பிக்கு ஒரு கேள்வி. 20 கிலோ குறைந்ததே, அதில் கொழுப்பு எவ்வளவு, தொடையும் தோளும் எவ்வளவு? பழைய கேஸ் சிலிண்டரை இப்போது தூக்கிப் பார்த்தீர்களா?

ஷார்ஜாவாசி

கை மெலிந்தது உண்மைதான், ஐயா. முகமும் ஒட்டியது. ஆனால் பிரஷர் மாத்திரை பாதியாகக் குறைந்தது. அதை எந்தத் தராசில் வைப்பீர்கள்? நடை வேண்டாம் என்று சொல்லி அவரைக் குழப்பாதீர்கள்.

சத்துக்கணக்கு (கோவை)

உணவியல் நிபுணராகப் பணியாற்றுகிறேன். பனியன்கடையின் கேள்விக்கு நேரடியான பதில்: இரண்டையும் ஒன்றாகவே செய்யலாம். எல்லோராலும் முடியாது. பல வருடம் பயிற்சி செய்து ஒல்லியாக இருப்பவருக்கு இது மிகக் கடினம். உங்களுக்கு எளிது. காரணம் இரண்டு. இதுவரை பளுவே பார்க்காத தசை, முதல் சில மாதங்களில் மிக வேகமாகப் பதில் சொல்லும். தசை கட்டத் தேவையான ஆற்றலுக்கும் பஞ்சமில்லை, அது உங்கள் வயிற்றிலேயே சேமிப்பில் இருக்கிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி. ஆகவே நண்பர் சொன்னபடி கூடுதலாகச் சாப்பிட்டுத் தசை ஏற்ற வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. அது ஒல்லியானவருக்கான யோசனை.

இது சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு 2016-இல் வெளியானது. எடை கூடிய இளைஞர்களுக்கு நான்கு வாரம், தேவையான கலோரியில் 40 சதவீதத்தை வெட்டி, கடுமையான பயிற்சியும் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குக் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம், இன்னொன்றுக்கு 2.4 கிராம். அதிகப் புரதக் குழுவில் சராசரியாக 4.8 கிலோ கொழுப்பு போனது, கொழுப்பற்ற எடை 1.2 கிலோ ஏறியது. குறைந்த புரதக் குழுவில் 3.5 கிலோ கொழுப்பு போனது, கொழுப்பற்ற எடை இருந்த இடத்திலேயே நின்றது. அதற்கு முன்பே, 2000-இல், அமெரிக்காவில் பருமனான போலீஸ்காரர்களை வைத்து 12 வாரம் நடத்திய ஆய்விலும் இதே போக்குதான்: கொழுப்பு இறங்கியது, தசைப் பக்கம் ஏறியது.

இப்போது உங்கள் தட்டு. உங்கள் உயரம், எடை, நாற்காலி வேலை எல்லாம் சேர்த்தால் நாளுக்கு 2,600 கலோரி அளவில் செலவாகும். 2,100-இல் நில்லுங்கள், அதற்கும் கீழே போக வேண்டாம். பட்டினி கிடந்தால் ஜிம்மில் கை நடுங்கும், வாரக் கடைசியில் பரோட்டாக் கடை வாசலில் நிற்பீர்கள்.

நீங்கள் எழுதிய பட்டியலில் புரதம் 60 கிராமைத் தாண்டாது. தேவை அதைப்போல் இரண்டு மடங்கு. கணக்கு இப்படி: பளுப் பயிற்சி செய்பவர்களைப் பற்றிய 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான கட்டுரையில், கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் தசைக்குப் பெரிய கூடுதல் பலன் தெரியவில்லை. பருமனானவர் இந்த 1.6-ஐ இப்போதைய எடையோடு பெருக்கக் கூடாது, கொழுப்புக்கும் சேர்த்துப் புரதம் போட்டதாகிவிடும். போய்ச் சேர விரும்பும் எடையால் பெருக்குங்கள். 75 கிலோ என்று வைத்தால் 120 கிராம்.

காலை மூன்று இட்லி, மூன்று முட்டை. மதியம் சோறு ஒரே முறை, கெட்டியான பருப்பு ஒரு கிண்ணம், 150 கிராம் கோழி அல்லது மீன், இரண்டு கை பொரியல், தயிர். மாலையில் பஜ்ஜிக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல். இரவு இரண்டு சப்பாத்தி, 40 கிராம் மீல் மேக்கர் போட்ட குழம்பு. படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். இதில் 120 கிராம் அளவுக்குப் புரதம் வந்துவிடும். சோற்றை வில்லனாக்க வேண்டாம். ஒரு முறை வாங்குங்கள், மூன்று முறை வேண்டாம், அவ்வளவுதான். எண்ணெயைத்தான் அளக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி இருக்கிறது, சல்னாவின் மேலே மிதப்பது எத்தனை கரண்டி என்று யாரும் எண்ணுவதில்லை.

இரவுப்பணி (சென்னை)

மேடம், அந்தக் கனடா ஆய்வை நானும் படித்திருக்கிறேன். ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அவர்கள் வாரத்தில் ஆறு நாள் பயிற்சி செய்தார்கள். சாப்பாட்டை ஆய்வுக் குழுவே தயாரித்துக் கொடுத்தது. வயதோ இருபதுகளில். அப்படி ஒரு மாதம் வாழ்ந்தால் யாருக்கும் ஏதாவது நடக்கும். திருப்பூரில் ஷிப்மென்ட் முடித்துவிட்டு வருபவருக்கு அந்த எண்ணைக் காட்டி ஆசை காட்டலாமா? இன்னொன்று, "கொழுப்பற்ற எடை" என்பதில் தண்ணீரும் அடங்கும். அத்தனையும் தசை அல்ல.

சத்துக்கணக்கு (கோவை)

நியாயமான கேள்வி. எண்ணை அப்படியே எதிர்பார்க்கக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் அதை எடுத்துக்காட்டியது திசைக்காக: கலோரிப் பற்றாக்குறையிலும் தசை ஏறும், ஆகவே 80 கிலோ வரும்வரை பளு வேண்டாம் என்ற மாஸ்டரின் பேச்சுக்கு அடிப்படையே இல்லை என்று அது காட்டுகிறது. பனியன்கடைக்கு வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் நல்ல வேகம். தசை எத்தனை கிராம் ஏறியது என்று வீட்டில் யாராலும் அளக்க முடியாது. போன மாதம் 10 கிலோ டம்பெல்லைத் தூக்கிய கை இந்த மாதம் 14 கிலோவைத் தூக்குகிறதா என்று பார்க்கலாம். ஜிம்மில் பாதத்தை வைத்து நின்றால் தசைச் சதவீதம் சொல்லும் எந்திரம் இருக்கும். தண்ணீர் குடித்துவிட்டு நின்றால் ஓர் எண், குடிக்காமல் நின்றால் வேறோர் எண். அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

சைவப்பூனை (சேலம்)

எனக்கு 41 வயது, 78 கிலோ. முட்டை கூடக் கிடையாது. சைவத்தில் எப்படி அக்கா 100 கிராம் புரதம்? தினம் சாம்பார், பருப்பு, இரண்டு கை வேர்க்கடலை என்று சாப்பிடுகிறேன். பளு தூக்கினால் ஆண்களைப் போலத் தோள் அகன்றுவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.

சத்துக்கணக்கு (கோவை)

சாம்பாரைப் புரதக் கணக்கில் எழுதுவதுதான் நம் வீடுகளின் பெரிய ஏமாற்றம். 100 கிராம் பச்சைத் துவரம்பருப்பில் 22 கிராம் புரதம் உண்டு, சரி. ஆனால் நான்கு பேர் குடும்பத்துச் சாம்பாரில் விழுவதே அந்த 100 கிராம்தான், அதுவும் காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்து. உங்கள் கரண்டிக்கு ஒரு வேளையில் வருவது மூன்று கிராம் அளவுதான். வேர்க்கடலை இன்னொன்று. 100 கிராமில் 25 கிராம் புரதம், கூடவே ஏறக்குறைய 50 கிராம் எண்ணெய், 560 கலோரிக்கு மேல். நல்ல உணவுதான், இளைக்க விரும்புபவர் கைப்பிடிக் கணக்கில் சாப்பிட வேண்டியதல்ல.

சைவத்தில் மலிவாகக் கிடைப்பது மீல் மேக்கர். உலர்ந்த நிலையில் 100 கிராமுக்கு 50 கிராமுக்கு மேல் புரதம். வெந்நீரில் போட்டு, பிழிந்து, இன்னொரு முறை கழுவிப் பிழிந்தால் அந்த வாடை போய்விடும். பிறகு மிளகு, சோம்பு அரைத்துப் போட்டு வறுத்தால் பிள்ளைகளும் எடுப்பார்கள். பனீர் 100 கிராமில் 18 கிராம், கொழுப்பும் அதே அளவு. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரை வடித்தால் அதே கிண்ணத்தில் இருமடங்கு புரதம் சேரும். இதற்கும் மேல் குறைந்தால் ஒரு கரண்டி வே புரோட்டீன். பாலில் இருந்து பிரித்த பொடிதான் அது, மருந்தல்ல. உங்களுக்கு 60 கிலோ இலக்கு என்றால் 95 கிராம் போதும்.

தோள் அகலாது. அதற்கான ஹார்மோன் ஆண்களிடம் உள்ள அளவில் ஒரு சிறு பங்குதான் பெண்களிடம் இருக்கிறது. தூக்குங்கள். நாற்பதுக்கு மேல் எலும்புக்கும் அதுதான் காப்பு. மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் எடை ஒன்றிரண்டு கிலோ கூடிக் காட்டும், அது தண்ணீர். சென்ற மாதம் அதே நாளோடு ஒப்பிடுங்கள்.

பனியன்கடை (திருப்பூர்)

சாப்பாடு புரிந்தது, மேடம். ஐயா, பயிற்சியைச் சொல்லுங்கள். மாஸ்டரிடம் கேட்டால் மறுபடியும் டிரெட்மில்லைத்தான் காட்டுகிறார்.

கர்லாக்கட்டை (மதுரை)

வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். ஒவ்வொரு நாளும் முழு உடம்பு. நெஞ்சுக்கு ஒரு நாள், கைக்கு ஒரு நாள் என்று கூறு போடுவதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கால்: முழங்கால் உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பாதம் தோள் அகலம், விரல்கள் கொஞ்சம் வெளியே பார்க்கட்டும். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, பிட்டத்தைப் பின்னால் தள்ளி மெதுவாக இறங்குங்கள். நாற்காலி தொட்டதும் எழ வேண்டும், உடம்பைப் போட்டுவிடக் கூடாது. குதிகால் தரையை விட்டு எழுந்தால் பாதத்தை இன்னும் சற்று முன்னால் வையுங்கள். முழங்கால் உள்பக்கம் மடிகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள், அதுதான் வலிக்கு வழி. இதுவே பன்னிரண்டு முறை சிரமமில்லாமல் வந்ததும் நெஞ்சோடு ஒரு டம்பெல்லை அணைத்துக்கொண்டு செய்யுங்கள். முழுப் பஸ்கி எல்லாம் அப்புறம்.

நெஞ்சு: தண்டால் தரையில் வராது, வராததில் வெட்கமும் இல்லை. சுவரில் கை ஊன்றித் தொடங்கி, அடுப்பு மேடை, பிறகு பெஞ்ச், கடைசியில் தரை. முதுகுக்கு: மேலிருந்து கம்பியை இழுக்கும் எந்திரம், உட்கார்ந்து இழுக்கும் எந்திரம் இரண்டில் ஒன்று. பின்தொடைக்கு டம்பெல்லைத் தொடையை ஒட்டியே இறக்கி, முதுகை நேராக வைத்துக் குனிந்து நிமிர்வது. தோளுக்கு, டம்பெல்லைத் தலைக்கு மேலே தள்ளுவது. முடிவில் பிளாங்க், அதாவது முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பைப் பலகை போல நேராகப் பிடித்து நிற்பது.

ஒவ்வொன்றும் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை, இரண்டு மூன்று சுற்று. சுற்று முடியும்போது இன்னும் இரண்டு முறை வரும் என்ற நிலையில் நிறுத்துங்கள். எல்லாச் சுற்றிலும் பன்னிரண்டு வந்துவிட்டதா? அடுத்த முறை பளுவை ஏற்றுங்கள். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், நினைவை நம்பாதீர்கள். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும்.

ஒரு எச்சரிக்கை. முதல் நாளே "நூறு பஸ்கி போடு" என்று வீரம் பேசும் இடங்கள் இருக்கின்றன. பழகாத தசை அப்படி நசுங்கினால் சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். தொடை வீங்கி, சிறுநீர் கடுங்காபி நிறத்தில் போனால் ஜிம்முக்கு விடுப்புச் சொல்லக்கூட நிற்காதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எங்கள் தெருப் பையன் ஒருவன் சலைன் ஏற்றிக்கொண்டு படுத்துக் கிடந்ததை நேரில் பார்த்தேன். முதல் இரண்டு வாரம், "இவ்வளவுதானா" என்று தோன்றும் அளவுக்கே செய்யுங்கள்.

ஷார்ஜா தம்பி சொன்ன நடையையும் விட வேண்டாம். சாப்பிட்ட பின் கால் மணி நேரம் நடந்தால் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். 5.9-க்கு அது நல்லது.

மெல்லியகை (நாகர்கோவில்)

இடையில் நுழைகிறேன். நான் 168 செ.மீ., 66 கிலோ. யாரும் குண்டு என்று சொல்ல மாட்டார்கள். சட்டையைக் கழற்றினால் குச்சிக் கை, பானை வயிறு. இந்த இழை எனக்குப் பொருந்துமா?

சத்துக்கணக்கு (கோவை)

நன்றாகப் பொருந்தும். உங்களைப் போன்றவர்களைப் பற்றி ஒரு புகழ்பெற்ற படமே உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் தங்களையே அருகருகே நிறுத்தி 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) ஒன்றே, 22.3. உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். அதனால்தான் இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23-லேயே அதிக எடை, 25-லேயே பருமன் என்று கணக்கிடுகிறார்கள். இடுப்பளவு வரம்பும் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80. நீங்கள் கலோரியை வெட்டவே வேண்டாம். இருக்கும் அளவிலேயே சோற்றைக் கொஞ்சம் குறைத்துப் புரதத்தைக் கூட்டி, பளுவைத் தூக்குங்கள். எடை நகராது, உருவம் நகரும்.

வாழைத்தோட்டம் (திருச்சி)

என் அப்பா சர்க்கரைக்கு கிளிமிபிரைடு போடுகிறார். பனியன்கடையின் பட்டியலை அப்படியே அவருக்கும் கொடுக்கலாமா? இன்னொரு கேள்வி, எடை குறைக்கும் ஊசி போட்டால் இவ்வளவு பாடு தேவையில்லை என்கிறார்களே?

மருந்துக்கடை (தஞ்சாவூர்)

அப்பாவுக்கு அப்படியே கொடுக்காதீர்கள். கிளிமிபிரைடு, இன்சுலின் போன்றவை போடுபவர் சோற்றைச் சட்டென்று குறைத்து நடக்கவும் தொடங்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மாத்திரை அளவை மருத்துவர் முன்கூட்டியே மாற்ற வேண்டும். சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவர் புரதத்தைத் தானாகக் கூட்டவே கூடாது.

ஊசி: மௌஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வீகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. வேலை செய்கின்றன, பொய் இல்லை. ஆனால் பசி அடங்கிச் சாப்பாடு குறையும்போது கொழுப்போடு தசையும் இறங்கும். அதனால் ஊசி போடுபவருக்குத்தான் முட்டையும் டம்பெல்லும் இன்னும் அவசியம். மருத்துவர் சீட்டு இல்லாமல் கேட்டு வருபவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. ஜிம்மில் கைமாறும் ஹார்மோன் ஊசிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கிரியாட்டின் (பளு தூக்குபவர்கள் சாப்பிடும் பொடி) கேட்பவர்களுக்கு: தினம் 3 முதல் 5 கிராம், அதற்கு மேல் தேவையில்லை. எடை ஒரு கிலோ போலத் தண்ணீரால் ஏறும். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்லும் கிரியாட்டினின் அளவு சற்றுக் கூடிக் காட்டும், ஆகவே போடுவதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "கொழுப்பை எரிக்கும்" மாத்திரைகள் எரிப்பது பணத்தை.

பனியன்கடை (திருப்பூர்)

ஒன்றரை மாதம் கழித்து வருகிறேன். எடை 102.6. அவ்வளவு பாடுபட்டும் ஒன்றரைக் கிலோ கூட இறங்கவில்லை. மாஸ்டர் பார்த்துச் சிரித்தார். ஆனால் சுற்றளவு 106 ஆகிவிட்டது, பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போயிருக்கிறேன். நெஞ்சில் டம்பெல்லை அணைத்து உட்கார்ந்து எழுவதில் 20 கிலோவுக்கு வந்திருக்கிறேன். தராசை நம்புவதா, பெல்ட்டை நம்புவதா? ஷிப்மென்ட் வாரங்களில் ஐந்து மணி நேரம்தான் தூங்குகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரவுப்பணி (சென்னை)

பெல்ட்டை. சந்தேகப் பிராணியான நானே சொல்கிறேன். ஆறு செ.மீ. வயிறு குறைந்து, பளுவும் கூடியிருக்கும்போது தராசு மட்டும் மந்தமாக இருந்தால், உள்ளே இடமாற்றம் நடக்கிறது என்று பொருள். புதிதாகப் பயிற்சி செய்யும் தசை தண்ணீரையும் பிடித்து வைக்கும்.

ஆனால் தூக்கத்தைக் கவனியுங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2010-இல் வெளியான ஒரு சிறு ஆய்வு, பத்தே பேர். இரண்டு வாரம் ஒரே அளவு குறைந்த உணவு. எட்டரை மணி நேரம் படுக்க விட்டபோதும் ஐந்தரை மணி நேரம் மட்டும் விட்டபோதும் எடை ஒரேபோல் மூன்று கிலோ அளவில் இறங்கியது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு, தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோதான். மீதி தசைப் பக்கத்திலிருந்து போனது. பத்து பேரை வைத்து உலகை அளக்க முடியாது என்பதும் தெரியும். இரவுப் பணி வாரங்களில் என் பளு எண்கள் விழுவதைப் பார்த்த பிறகு, இதை மட்டும் மறுக்க மனம் வரவில்லை.

சத்துக்கணக்கு (கோவை)

ஷிப்மென்ட் வாரத்தில் பயிற்சியை இரண்டு நாளாகக் குறைத்துக்கொள்ளுங்கள், பளுவைக் குறைக்க வேண்டாம். அந்த வாரம் கலோரியையும் மேலும் வெட்டாதீர்கள். ஹெச்பிஏ1சியை மூன்று மாதம் ஆனதும் எடுங்கள், அதற்கு முன் எடுத்துப் பயனில்லை.

ஷார்ஜாவாசி

சரி, நானும் தூக்கிப் பார்க்கிறேன். ஐயா, கேம்ப் அறையில் நான்கு பேர், கட்டிலுக்கு நடுவில் ஒரு பாய் விரிக்கும் இடம்தான் இருக்கிறது. ஜிம்முக்குப் பணம் கட்ட மனமில்லை. எதைத் தூக்குவது?

கர்லாக்கட்டை (மதுரை)

ஊருக்குக் கொண்டுவரும் பை ஒன்று இருக்குமே, அதில் ஐந்து கிலோ அரிசிப் பொட்டலம் இரண்டைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து எழுங்கள். அதே பையை ஒரு கையால் பிடித்து, மறு கையைக் கட்டிலில் ஊன்றிக் குனிந்து, இடுப்பு வரை இழுங்கள், அது முதுகுக்கு. தண்டால் கட்டில் விளிம்பில். சுலபமாகிவிட்டால் மூன்றாவது பொட்டலம். கட்டில் இரண்டடுக்கு இரும்பு என்றால் சுவரோடு ஒட்டி இருக்கிறதா, ஆடுகிறதா என்று முதலில் அசைத்துப் பாருங்கள். மேல் கட்டிலில் ஆள் தூங்கும் நேரத்தில் வேண்டாம்.